சமூக ஊடகங்களை முடக்கினால் வெறுப்புப் பேச்சு அடங்குமா?

அடங்காது. 2018 மார்ச்சில் இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது அரசு முகநூல், வாட்ஸ்அப், வைபரை முடக்கியது. கொழும்பில் பலர், முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் செயலி போட்டு உள்ளே போனார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு வைபரில் பேசும் வெள்ளவத்தை அம்மாமாருக்கு அது எங்கே தெரியும்?

கோளாறு வேறிடத்தில் இருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்க, மொழி தெரிந்த ஆட்கள் முகநூலிடம் அப்போது போதிய அளவு இருக்கவில்லை. 2020இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

2022 ஏப்ரல் 3இல், அரசுக்கு எதிரான போராட்டங்களின்போது மீண்டும் முடக்கம், அன்றே நீக்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களால் நிரம்பியது. மே 18இல் அங்கேயே முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது, சிங்களவர்களும் வந்தார்கள்.

2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. தமிழில் எழுதுகிறவளாக எனக்கு அதுதான் பெரிய பயம்.