பதில்: இரண்டு சிண்டிலேட்டர் தகடுகளுக்கு இடையே நேரம் 2 நானோ செகண்ட் சிதறுகிறது

துகள் பட்டால் ஒளிரும் இரண்டு சிண்டிலேட்டர் தகடுகள் காட்டும் நேர வித்தியாசம் 2 நானோ செகண்ட் சிதறுகிறது, தகட்டை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். த்ரெஷோல்டை, அதாவது பல்ஸ் வந்ததாகக் கணக்கிடும் மின்னழுத்தக் கோட்டை, ஒரே மில்லிவோல்ட்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, சிதறல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய பல்ஸ் அந்தக் கோட்டை முந்தித் தாண்டும், சின்ன பல்ஸ் பிந்தித் தாண்டும். இதுதான் டைம் வாக்.

வானிலிருந்து தானாக வரும் மியூவான் துகள்களை வைத்து ஒரு ராத்திரி முழுக்க டேட்டா எடுங்கள். பல்ஸ் உயரத்தைக் கிடைமட்டத்திலும் நேர வித்தியாசத்தைச் செங்குத்திலும் போட்டு வரையுங்கள். புள்ளிகள் வாழைப்பழம் மாதிரி வளைந்தால் சந்தேகமே இல்லை. அந்த வளைவுக்கு ஃபிட் போட்டுக் கழித்துவிடுங்கள். பல்ஸ் தன் உயரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை எட்டும்போது நேரத்தைக் குறிக்கும் கான்ஸ்டன்ட் ஃபிராக்‌ஷன் டிஸ்கிரிமினேட்டர் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய செலவு. செர்ன் துகள் ஆய்வகத்தில் சிஎம்எஸ் குழு 30 பிகோ செகண்ட் துல்லியத்துக்குத் திட்டமிட்ட எல்ஒய்எஸ்ஓ என்ற சிண்டிலேட்டர் படிக அடுக்கிலும் இந்தத் திருத்தம் உண்டு.

ஆனால் தகடு நீளமாக இருந்தால் கதை வேறு. பிளாஸ்டிக்கில் ஒளி நானோ செகண்டுக்குச் சுமார் 15 செ.மீ.தான் நகரும். ஒரு மீட்டர் பட்டையை ஒரு முனையில் மட்டும் படித்தால் 6.7 நானோ செகண்ட் வரை அதிலேயே போய்விடும். இரு முனையும் படித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஏசி இல்லாத லேப் என்கிறீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் ஒளியை மின் பல்ஸாக மாற்றும் சிலிக்கான் போட்டோமல்டிப்ளையரின் கெயின் (பெருக்கும் அளவு) இறங்கும். பகல் டேட்டாவையும் ராத்திரி டேட்டாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.