இடைவெளி விட்டால் இன்னொரு வண்டி புகுந்துவிடுகிறதே?

கேள்வி: லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. ஊருக்குள் கார் ஓட்டப் பயமில்லை. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே கைகள் இறுகிவிடுகின்றன. முன்னால் போகும் வண்டி பிரேக் பிடித்தால் நானும் பதறி அழுத்திவிடுகிறேன். சரி, தள்ளியே போவோம் என்று இடைவெளி விட்டால், வேறொரு வண்டி நடுவில் புகுந்துகொள்கிறது. பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார். என்னதான் செய்வது?

பதில்: உங்களுக்குக் கை கால் பழக்கம் வந்துவிட்டது. இனி பழக வேண்டியது கண்கள்தான். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த விளக்கு எரிந்த பிறகுதான் அவர்களுக்குச் சேதி தெரியும். அதனால் ஒவ்வொரு பிரேக்கும் அவசர பிரேக்காகிவிடுகிறது.

பார்வையைத் தூக்கி, இன்னும் 10, 15 வினாடிகளில் நீங்கள் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய கால் கிலோமீட்டர் தூரம். முன்வண்டியின் கண்ணாடி வழியாகவும் அதன் ஓரமாகவும் அதற்கு முன்னால் போகும் இரண்டு மூன்று வண்டிகளைக் கவனியுங்கள். அவற்றின் பிரேக் விளக்கு எரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். பாதி நேரம் பிரேக்கே தேவைப்படாது. கை இறுக்கமும் இதில் தானாகக் குறையும். முன்னால் லாரியோ பேருந்தோ போய் ஒன்றுமே தெரியவில்லை என்றால், தெரிகிற அளவுக்குப் பின்தங்குங்கள்.

இப்போது இடைவெளிக் கணக்கு. 80 வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்று முதல் ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 22 முதல் 33 மீட்டர் போயிருக்கும். வண்டியின் வேகம் துளியும் குறைந்திருக்காது. அதன் பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்கச் சுமார் 35 மீட்டர் வேண்டும். 40 வேகத்தில் இது 9 மீட்டர்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. ஊருக்குள் பழகிய கணக்கு நெடுஞ்சாலையில் செல்லாமல் போவது இதனால்தான்.

மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது, வினாடியை எண்ணலாம். முன்வண்டி ஒரு பலகையையோ மரத்தையோ கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று மனசுக்குள் எண்ணுங்கள். அதை எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால், நெருங்கிப் போகிறீர்கள் என்று பொருள். இரண்டு வினாடி குறைந்தபட்சம் என்பார்கள். புதியவர்களுக்கு மூன்றாவது வினாடியையும் சேர்க்கச் சொல்வேன். மழையில் நான்குக்குக் குறையவே கூடாது. வெகுநாள் காய்ந்து கிடந்த சாலையில் விழும் முதல் மழை இன்னும் மோசம். படிந்திருந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும்.

நடுவில் புகுபவர்? புகட்டும். மெல்லக் காலெடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு நஷ்டம் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று வினாடி. வழி நெடுகப் பத்து வண்டி புகுந்தாலும் அரை நிமிடம்தான் தாமதம். இதற்குப் போய் ரோஷப்பட என்ன இருக்கிறது?

ஹாரன் அடிப்பவருக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் உங்கள் முன் இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் நீங்கள் மெதுவாகப் பிரேக் பிடிக்க முடிந்தால்தான் அவராலும் நிறுத்த முடியும். வாய்ப்பு கிடைத்ததும் ஒதுங்கி வழி விடுங்கள். தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, கடைசியாகத் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்றுப் பின்னால் வரும் பைக் கண்ணாடியில் தெரியாமல் போகலாம்.

ஒருநாள் முழு பிரேக் போட வேண்டி வரலாம். ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியில் அழுத்தி மிதித்தால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பழகாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டதென்று காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, வண்டி நிற்கும்வரை அழுத்தியே வைத்து, ஸ்டியரிங்கைத் திருப்பி விலகலாம். ஆளில்லாத மைதானத்தில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

இருக்கையையும் சரிபாருங்கள். முதுகு சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். பயத்தில் முன்னால் குனிந்து உட்காருபவர்கள் இதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த சில நெடுஞ்சாலைப் பயணங்களைப் பகலில், மழையில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கைக்கு எட்டாமல் பின் இருக்கையில் போட்டுவிடுங்கள்.