‘மைந்தர்’ என்றால் யாரெல்லாம்?

கேள்வி: மேடையில் ‘மாணவ மாணவியர்களே’ என்று அழைப்பது சரியா?

பதில்: தப்பில்லை, ஆனால் தேவையில்லை. மாணவன் ஆண்பால், மாணவி பெண்பால், மாணவர் பலர்பால். அந்த ‘ர்’ விகுதிக்குள் ஆண், பெண், திருநர் எல்லாரும் அடக்கம். ‘மாணவர்களும் மாணவிகளும்’ என்று சொல்லிச் சொல்லி, பொதுவாக இருந்த சொல்லை நாமே ஆண்பாலாக்கிவிட்டோம். நான் ‘பிள்ளைகளே’ என்று தொடங்கிவிடுவேன்.

கேள்வி: டீச்சர், நான் வேலை பார்க்கும் பள்ளி முன்பு ஆண்கள் பள்ளி. பெண் பிள்ளைகள் சேர்ந்து பத்து வருடமாகிறது. பள்ளிப் பாடல் மட்டும் இன்னும் ‘மைந்தர் நாங்கள் மாண்புடன் வாழ்வோம், பைந்தமிழ் போற்றிப் பாரினில் உயர்வோம்’ என்றே இருக்கிறது. ‘மைந்தரும் மகளிரும்’ என்று மாற்றலாம் என்றேன். மைந்து என்றால் வலிமை, அது எல்லாருக்கும் பொது என்கிறார் எங்கள் தமிழாசிரியர். மூலப் பாடலைச் சிதைக்காதீர்கள் என்று பழைய மாணவர்கள் கொதிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தமிழாசிரியர் சொல்வதில் பாதி சரி. மைந்து வலிமைதான். ஆனால் தன் மகளை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தும்போது ‘இவள் என் மைந்தன்’ என்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த பள்ளியின் பாட்டில் ஒரு ‘புதல்வர்’ உண்டு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், ‘புதல்வர்’னு வர்றப்ப நாங்க வாயை மூடிக்கணுமா, சும்மா அசைக்கணுமா?” சிரித்துச் சமாளித்தேன். மறுநாள் காலை வணக்கத்தில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் வந்ததும் உதடு மூடியது, அடுத்த சொல்லில் திறந்தது. தாளம் தப்பவில்லை, கள்ளி.

ஆனால் உங்கள் ‘மைந்தரும் மகளிரும்’ எனக்குப் பிடிக்கவில்லை. பாடிப் பாருங்கள். இரண்டு அசை உட்கார்ந்திருந்த இடத்தில் நான்கு அசை நெருக்கியடிக்கும், மெட்டு மூச்சு முட்டும். ‘மக்கள் நாங்கள் மாண்புடன் வாழ்வோம்’ என்று வையுங்கள். மைந்தர், மக்கள் இரண்டுமே தேமா, அசைக் கணக்கு மாறாது. மை போய் ம வந்தாலும் ‘மாண்புடன்’ஓடு மோனை நிற்கும். அடிபடுவது எதுகைதான்: மைந்தருக்குப் பைந்தமிழ் பொருந்தியதுபோல் மக்களுக்குப் பொருந்தாது. ஒரு ராத்திரி உட்கார்ந்து ‘திக்கெலாம் போற்றத் தீரமாய் உயர்வோம்’ என்று கட்டிப் பார்த்தேன். எதுகை வந்தது, தமிழ் போய்விட்டது! அதற்கு வேறு சண்டை வரும். இரண்டாவது வரியைத் தொடாதீர்கள். எதுகை உடைந்தது ஒரு வருடம் காதில் இடறும், அப்புறம் பழகிவிடும்.

சொல்லை மாற்றியதோடு வேலை முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். ‘அறிவறிந்த மக்கட்பேறு’ என்று வள்ளுவர் பொதுவாகத்தான் சொன்னார். அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ‘அறிவறிந்த’ என்ற அடைமொழி இருப்பதால் ‘மக்கள்’ என்னும் பெயர் இங்கே பெண் ஒழித்து நின்றது என்றார். அறிவு வந்ததும் பெண் வெளியே! இந்த உரையை வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு நாள்கூட நின்று யோசித்ததில்லை. ஆகவே விழாவில் கொடி பிடிப்பவர் யார், விருந்தினரை வரவேற்க வாசலில் நிற்பவர் யார், வருகைப் பதிவேட்டில் யார் பெயர் முதலில் வருகிறது என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

பழைய மாணவர்கள் மூலம் மூலம் என்கிறார்களா? கனடாவின் தேசிய கீதத்துக்கு ராபர்ட் ஸ்டான்லி வியர் 1908இல் எழுதிய ஆங்கில வரியில் ‘எங்களுள்’ என்ற பொருளில்தான் சொல் இருந்தது. ‘உன் மைந்தர் அனைவருள்ளும்’ என்பது சில ஆண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. 2018இல் சட்டம் போட்டு ‘எங்கள் அனைவருள்ளும்’ என்று ஆக்கினார்கள். அங்கே மூலம் எது? உங்கள் பாட்டின் முதல் அச்சுப் பிரதி கிடைக்கிறதா என்று தேடுங்கள், எதுவும் இருக்கலாம்.

தாமதமாகிவிட்டதே என்று கூச்சமும் வேண்டாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969இல். அதன் பாடலில் ‘அவள் மைந்தர்’ என்று இருந்த இடம் ‘எம் இதயங்கள்’ ஆனது 1987இல். அவர்களுக்குப் பதினெட்டு வருடம், உங்களுக்குப் பத்து.

ஆண்டு விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள் ‘மைந்தர்’ என்றே பாடுவார்கள். முறைக்காதீர்கள், அவர்கள் மனப்பாடம் செய்தது அது. பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகம், மைக்கும் அவர்கள் கையில்தான் இருக்கும்.