மெராந்தியும் செங்காலும் தீராமல் இருக்க: கேள்வி பதில்

மெராந்தி, செங்கால் போன்ற காட்டு மரங்களை அளந்து கணக்கெடுப்பதே என் தொழிலாக இருந்தது. இப்போது மலேசியாவின் கெப்போங்கில் வசிக்கிறேன். நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, பெரிய மரத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டால், காடு தானாக வளராதா? (ஓர் ஆசிரியை, செந்தூல்)

வளரும் அம்மா. ஆனால் என்ன மரம் வளரும் என்று பார்க்க வேண்டும். வெயில் விழுந்த இடத்தில் முதலில் எழுவது மஹாங் போன்ற மென்மரங்கள். மெராந்தி அங்கே வரவேண்டுமானால், வெட்டும் நாளிலேயே அதன் கன்றுகள் தரையில் நிற்க வேண்டும். மெராந்தி, காப்பூர், கெருயிங், செங்கால் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் விதை மண்ணில் உறங்கிக் காத்திருக்காது. விழுந்த சில நாளில் முளைக்கும், இல்லையென்றால் சில வாரங்களில் செத்துவிடும். ஆண்டுதோறும் காய்க்கவும் செய்யாது. சில ஆண்டு இடைவெளி விட்டு, காடே ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கும். அந்தக் காய்ப்புக்கு முன்னாலேயே தாய்மரத்தைச் சாய்த்துவிட்டால் பிறகு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பலனில்லை.

எவ்வளவு பருமன் இருந்தால் வெட்டலாம்? (கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

தம்பி, தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் இருக்கும் தேர்வு மேலாண்மை முறைப்படி (அளவு எட்டிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும் முறை), மெராந்தி குடும்பத்துக்குக் குறைந்தது 50 செ.மீ. விட்டம், மற்ற மரங்களுக்கு 45, செங்காலுக்கு 60. நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளப்போம். அடியில் பலகை வேர் விரிந்திருந்தால் அதற்கு மேலே அளக்க வேண்டும். அடியிலேயே சுற்றினால் ஒல்லி மரமும் பெரிய மரமாகக் கணக்கில் ஏறிவிடும்.

என்னைக் கேட்டால், விட்டுவைப்பதன் கணக்குதான் முக்கியம். எக்டருக்கு 30 முதல் 45 செ.மீ. வரை விட்டமுள்ள நல்ல மரம் குறைந்தது 32 மிஞ்ச வேண்டும் என்பது விதி. சுமார் 30 ஆண்டு கழித்து வரும் அடுத்த வெட்டுக்கு அவைதான் மூலதனம். அந்த 32-க்குள் எந்தெந்த இனம் எத்தனை என்றும் பார்க்கணும். எல்லாம் விலைபோகாத மரமாக இருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, மகரந்தம். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் சில மெராந்தி இனங்களின் பூவுக்குள் இலைப்பேன் என்ற கடுகளவுப் பூச்சி புகுந்து மகரந்தம் சுமப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மரத்துக்கு மரம் தூரம் கூடிப்போனால் இவ்வளவு சிறிய பூச்சி என்ன செய்யும்? அதனால், ஓர் இனம் காட்டில் அரிதாக இருந்தால், அளவு எட்டிய மரமானாலும் சிலவற்றை விதைக்காகவே விட்டுவைக்க வேண்டும்.

வெட்டும்போது பக்கத்து மரங்களும் விழுகிறதே? (லாரி ஓட்டும் ஓர் அண்ணன், ரவாங்)

மரத்தோடு மரம் கொடியால் பின்னிக் கிடக்கும் அண்ணே, ஒன்று சாயும்போது இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால் பல மாதம் முன்பே கொடிகளை அறுத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் சாய்ப்பது, டிராக்டர் எந்தத் தடத்தில் கட்டையை இழுப்பது என்பதையும் முதலிலேயே குறிக்கணும். போர்னியோ தீவிலுள்ள சபா மாநிலத்தில் 1990-களில் இப்படிச் செய்து பார்த்தபோது சேதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

விதையைச் சேர்த்து வைத்துப் பிறகு நடலாமா?

முடியாது, காய்ந்தால் செத்துவிடும். கன்றாகத்தான் வளர்த்து வைக்க முடியும். கன்று மிஞ்சாத இடத்தில் வரிசை பிடித்து நட்டு, மேல்நிழலை அவ்வப்போது விலக்கிவிட வேண்டும். நட்டுவிட்டு மறந்தால் கொடி மூடிவிடும்.

செங்காலில் வாசல் கதவு செய்ய ஆசை. வாங்கலாமா? (இல்லத்தரசி, பட்டர்வொர்த்)

வாங்கலாம் அம்மா. ஆனால் செங்கால் மிக மெதுவாக வளரும், அதனால் முதலில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் தூணும் உத்தரமும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். செங்கால் எளிதில் உளுத்துப்போகாது, மேல்தோலை இழைத்தால் போதும். புது மரம்தான் வேண்டுமென்றால் மலேசிய மரச் சான்றிதழ் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.