இன்றிரவு என்ன நடக்கும்? முதியோர் முறைப்பாடுகள் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தில் சமூக சேவை உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். முதியோரை வதைப்பது பற்றிய முறைப்பாடுகளை அலுவலகங்கள் எப்படிக் கையாளுகின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்தவற்றில் பாதி முதியோர் அடையாள அட்டை பற்றியவை. சரி, பார்ப்போம்.

உப்புவெளியிலிருந்து: ஐயா, பக்கத்து வீட்டு ஆச்சியை மகன் அடிக்கிறார் என்று இரண்டு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் வரவில்லை. எனக்குப் பிறகு கொடுத்தவரின் முறைப்பாட்டுக்கு மறுநாளே போனார்களாம். செல்வாக்குத்தானே?

செல்வாக்கே இல்லை என்று கோணேசர் கோயிலில் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் கடிதத்திலேயே இருக்கும். "வயோதிப மாதைக் கொடுமைப்படுத்துகிறார்கள், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு கடிதம். "செவ்வாய் இரவு அலறல் கேட்டது, புதன் காலை இடது கண் வீங்கியிருந்தது, மூன்று நாளாக இன்சுலின் போடவில்லை என்று ஆச்சியே சொன்னார்" என்று இன்னொன்று. அலுவலகத்தில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். நீங்களாக இருந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போவீர்கள்?

மகன் நல்லவனா கெட்டவனா என்பதை நாங்கள் பிறகுதான் பார்ப்போம். இன்றிரவு இந்த மனிதருக்கு என்ன நடக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. காயம் உண்டா, பூட்டி வைத்திருக்கிறார்களா, சாப்பாடும் மருந்தும் போகிறதா, அடிப்பவருடன் தனியே இருக்கிறாரா, எழுந்து நடந்து வெளியே வர முடியுமா? இவற்றில் ஒன்றுக்குத் தெளிவான பதில் இருந்தாலே அந்தக் கடிதம் மேலே வந்துவிடும். ஏச்சுப்பேச்சு, பணம், காணி எல்லாம் அதற்குப் பின்னால். அவை சிறியவை என்பதனால் அல்ல, ஒரு வாரம் தாமதித்தால் உயிர் போகாது என்பதனால்.

அடி என்றால் கடிதமே எழுதாதீர்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு எடுங்கள், காயத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் அடங்குவர். ஆச்சி நீதவான் நீதிமன்றத்துக்குப் போக முடியாவிட்டால் அவர் சார்பில் பொலிஸாரே பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "முதலில் மகனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்" என்று கிளம்பாதீர்கள். நீங்கள் பேசிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆச்சி அவனுடைய வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து: சேர், உம்மாவின் வங்கி அட்டை தம்பியின் கையில். ஓய்வூதியம் வந்த அன்றே எடுத்துவிடுகிறான். இதையும் முறையிடலாமா?

முறையிடலாம். "பணத்தை எடுக்கிறான்" என்று மட்டும் எழுதினால் வரிசையின் அடியில் கிடக்கும். அதனால் பிரஷர் குளிசை வாங்காமல் எத்தனை நாள் போயிற்று என்பதையும் எழுதுங்கள். அதற்கு முன் உம்மாவிடம் கேளுங்கள். அவர் தெளிவாக இருந்து "என் மகன்தானே, எடுக்கட்டும்" என்றால், எந்த உத்தியோகத்தரும் அவரை வற்புறுத்த முடியாது. பாதிக் கோப்புகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

முதியோர் அடையாள அட்டை எடுப்பது எப்படி?

60 வயது முடிந்தால் பிரதேச செயலகம்.

லண்டனிலிருந்து: இங்கே உள்ளூராட்சி சபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், விசாரிக்கிறார்கள். அங்கே ஏன் இல்லை?

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அந்தக் கடமையைச் சபையின் தலையில் வைத்திருக்கிறது. இங்கே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளிடம் மாதப் படியோ மொத்தத் தொகையோ வாங்கித் தரப் பராமரிப்பு நிர்ணய சபையும் இருக்கிறது. அந்தச் சபை சோற்றுக்கு வழி செய்யும், அடியைத் தடுக்காது. அடிக்குப் பொலிஸ், சோற்றுக்குச் சபை, காணிக்கு மாவட்ட நீதிமன்றம் என்று மூன்று வாசல். தவறான வாசலில் நின்று மாதங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

தம்பலகாமத்திலிருந்து: வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிவிட்டேன். இப்போது பின்கொட்டிலில் இருக்கிறேன். திரும்ப வாங்கலாமா?

மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையை, மிகுந்த நன்றியீனத்தைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டுத்தான் இரத்துச் செய்யலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். காலக்கெடு உண்டு, இந்த வாரமே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். சீதனமாக எழுதியது என்றால் கதை வேறு, உறுதியைக் கையில் கொண்டு போங்கள். மற்றவர்களுக்கு: நொத்தாரிசின் முன் உட்காரும்போதே சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்கேணியிலிருந்து: சீதன வீட்டில் அம்மாவை ஒன்பது வருடமாகப் பார்ப்பது நான். சுவிஸில் இருக்கும் அண்ணன் நான் பட்டினி போடுவதாக முறையிட்டிருக்கிறார். மலசலம் அள்ளுவது யார்?

மூதூரிலிருந்து, மேலே உள்ளவருக்கு: வீட்டை வாங்கினால் அம்மாவையும் பார்க்கத்தானே வேண்டும், தங்கச்சி? அண்ணன் கேட்டால் என்ன குற்றம்?

ஆலங்கேணி: அண்ணனைப் படிப்பித்து அனுப்பிய காசு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள், அக்கா.

இதற்குப் பிறகு வந்த பதினேழு பதிவுகளில் அம்மாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வீடு. கிழக்கில் வீடு மகளோடு போகிறது, அம்மா வீட்டோடு போகிறார். சண்டை வந்தால் முறைப்பாட்டுப் படிவம் ஒரு ஆயுதம். உத்தியோகத்தருக்கு அது தெரியும், ஆனாலும் வருவார். வந்தால் கோபிக்காதீர்கள், தங்கச்சி. கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், அம்மாவுடன் தனியே பேச விடுங்கள், முதுகில் படுக்கைப்புண் உண்டா என்று பார்க்க விடுங்கள். உங்கள் களைப்பையும் சொல்லுங்கள். பார்ப்பவர் தளர்ந்து போனதால் வரும் குறையையும் வேண்டுமென்றே செய்யும் கொடுமையையும் நாங்கள் ஒரே கோப்பில் போடுவதில்லை. அண்ணனுக்கும் ஒரு சொல்: உங்கள் பங்கை மாதாமாதம் அனுப்புங்கள்.

நிலாவெளியிலிருந்து: அடையாள அட்டைக்கு என்ன செய்ய வேண்டும்?

மேலே வாசியுங்கள்.

மாமனாரைக் கவனிக்காத மைத்துனரைக் கூப்பிட்டு நாங்களே எச்சரித்தால்?

அதையும் மேலே வாசியுங்கள்.

உப்புவெளி, மீண்டும்: ஐயா, 119க்கு எடுத்தேன். பொலிஸார் வந்தார்கள். ஆச்சி "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? மகன் முற்றத்தில் நிற்கும்போது அவர் வேறு என்ன சொல்வார்? பொலிஸார் வந்து போனது பதிவாகியிருக்கும், அடுத்த முறை அது பேசும். நீங்களும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். ஆச்சியின் அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று மெதுவாகக் கேளுங்கள். அன்று தாதியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பரிசோதிக்கும்போது மகனை வெளியே நிற்கச் சொல்ல அவர்களால் முடியும்.