அட்டவணையை ஜேசன் ஆக்கினால் மதிப்புகள் இடம் மாறுவது ஏன்?

கேள்வி: வலைப்பக்க அட்டவணை ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் ஜேசனாக (JSON, தரவை உரையாக எழுதும் வடிவம்) மாற்றுகிறேன். முதல் வரிசை சரியாக வருகிறது. அடுத்த வரிசைகளில் சில மதிப்புகள் பக்கத்துத் தலைப்பின் கீழ் போய்விடுகின்றன. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஒரு கட்டத்தைப் பல வரிசைக்கு நீட்டும் ரோஸ்பேன் (rowspan) பண்புதான் காரணம். ஒரு கட்டம் மூன்று வரிசைக்கு நீண்டிருந்தால் கண்ணுக்கு மூன்றிலும் தெரியும். எச்டிஎம்எல்லில் முதல் வரிசையில் மட்டுமே இருக்கும். அடுத்த இரண்டிலும் ஒரு கட்டம் குறையும். கட்டம் தன் வரிசையில் எத்தனையாவது என்பதை வைத்துத் தலைப்போடு பொருத்தினால், அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் இடப்பக்கம் நகரும்.

எனவே நேரடியாக ஆப்ஜெக்ட் (தலைப்பும் அதன் மதிப்பும் இணையாக உள்ள தொகுப்பு) கட்டாதீர்கள். முதலில் இருபரிமாண அரே (வரிசையும் நெடுவரிசையும் கொண்ட பட்டியல்) ஒன்றில் அட்டவணையை முழுதாக விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 0-விலிருந்து தொடங்கி, ஏற்கெனவே நிரம்பிய இடங்களைத் தாண்டி, முதல் காலி இடத்தில் கட்டத்தின் உரையை வையுங்கள். அதே உரையைக் கோல்ஸ்பேன் (colspan, கட்டம் எத்தனை நெடுவரிசைக்கு நீள்கிறது என்பது) அளவுக்கு வலப்பக்கமும் ரோஸ்பேன் அளவுக்குக் கீழேயும் நிரப்புங்கள். ரோஸ்பேன் 0 என்றால் கட்டம் இருக்கும் அட்டவணைப் பகுதியின் (தலை, உடல் அல்லது அடி) கடைசி வரிசை வரை என்று பொருள். அரிதுதான், ஆனால் கவனிக்காவிட்டால் லூப் ஒருமுறைகூட ஓடாது, கட்டமே காணாமல் போகும். இந்த அரே தயாரான பிறகு தலைப்புகளோடு பொருத்துவது இரண்டு வரி வேலை.

வரிசைகளை எடுக்கக் குவெரிசெலக்டர்ஆல் (querySelectorAll, பொருந்தும் எல்லா உறுப்புகளையும் தேடித் தரும் கட்டளை) வேண்டாம். கட்டத்துக்குள் இன்னொரு அட்டவணை இருந்தால் அதன் வரிசைகளும் சேர்ந்து வரும். டேபிளின் ரோஸ் (rows) பண்பில் அந்தத் தொல்லை இல்லை. அது உண்மையான அரே அல்ல என்பதால், மேப் (map, ஒவ்வோர் உறுப்பையும் மாற்றும் கட்டளை) பயன்படுத்தும் முன் அரே.ஃப்ரம் (Array.from) வழியாக மாற்றுங்கள். டிஃபுட்டில் (tfoot, அட்டவணையின் அடிப்பகுதி) உள்ள 'மொத்தம்' வரி கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்கிவிடுங்கள்.

எண்களில்தான் சத்தமில்லாத பிழைகள் அதிகம். '12,500' என்ற உரையை எண்ணாக்கப் பார்ஸ்ஃப்ளோட்டிடம் (parseFloat) கொடுத்தால் 12 கிடைக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அதே வேலைக்கான நம்பரிடம் (Number) கொடுத்தால் 'நான்' (NaN, எண் அல்ல) ஆகி, ஜேசனில் 'நல்' (null, மதிப்பு இல்லை) என்று பதிவாகும். வெற்று உரையையோ நம்பர் 0 ஆக்கிவிடும்! ஆகவே காலிக் கட்டத்தை முதலில் 'நல்' ஆக்குங்கள், பிறகு காற்புள்ளியை நீக்குங்கள், அதன் பின் மாற்றுங்கள். '0045' போன்ற குறியீடுகளை உரையாகவே விடுங்கள்.

ஒரே தலைப்பு இருமுறை வந்தால் பிந்தைய மதிப்பு முந்தையதை அழித்துவிடும். தலைப்போடு நெடுவரிசை எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023, 2022 என ஆண்டுகளே தலைப்பாக இருந்தால் ஆப்ஜெக்ட் அவற்றை ஏறுவரிசைப்படுத்தி, எழுத்துத் தலைப்புகளுக்கு முன்னால் தள்ளிவிடும். வலைப்பக்கத்தில் தலைப்புகள் உள்ள அதே ஒழுங்கு வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் அரேயாகவே வெளியிடுங்கள்.