பாதியில் நிற்கும் கிட் காருக்கு ஓய்வுக்காலப் பணமா?

கேள்வி: ஐயா, வயது 46. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீடு, வீட்டுக்கடன் ஓடுகிறது. வரிக்குரிய சம்பளம் மாதம் 25,000 ராண்ட். மெரிபேங்கில் காலமான ஒருவருடைய கராஜில் பாதி கட்டிய பர்கின் கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் வண்டி) கிடக்கிறது. சேசிஸ், ஃபைபர் பாடி, டொயோட்டா ட்வின்கேம் எஞ்சின், பெட்டி பெட்டியாகச் சாமான் எல்லாம் உண்டு. அவர் மனைவி 50,000 கேட்கிறார். என் ஓய்வூதிய நிதியின் டூ-பாட் சேமிப்பில் (வேலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய பங்கு) சரியாக 50,000 இருக்கிறது. அதை எடுத்து வாங்கி, கட்டி விற்றால் லாபம் வருமா? கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி. மனைவிக்கு இதில் இஷ்டமில்லை.

பதில்: தம்பி, வண்டி வாங்குவதை நான் தடுக்கவில்லை. அந்தப் பணத்தில் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் 50,000 இல்லை. சேவிங்ஸ் பாட் எனும் அந்தப் பங்கிலிருந்து எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். உங்கள் வருமானத்துக்கு 26 சதவீத வரி, அதாவது 13,000 ராண்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித்துறை) பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதுவும் போகும். கைக்கு வருவது 37,000, அதிலும் நிதி நிர்வாகக் கட்டணம் கழியும். அந்தம்மா கேட்கிற விலைக்கே 13,000 துண்டு விழுகிறது.

வரி ஆண்டுக்கு ஒரு முறைதான் எடுக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். மார்ச்சில் காருக்கு எடுத்துவிட்டு ஜூலையில் வேலை போனால், அடுத்த மார்ச் வரை அந்தக் கதவு திறக்காது. 2024 செப்டம்பரில் இந்த முறை வந்தபோது நிறையப் பேர் அதை போனஸ் மாதிரி நினைத்துவிட்டார்கள். அந்த 50,000 ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால், உங்கள் 63-வது வயதில் ஏறக்குறைய 185,000 ஆகும். காருக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை அதுதான்.

இனி வண்டி. பர்கின் நம்ம டர்பன் வட்டாரத்திலேயே உருவான, லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வகையைச் சேர்ந்த வண்டி. பெயருக்கு மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியில் நின்ற கிட் எதுவும் சும்மா நிற்பதில்லை. சேசிஸை நிறுத்தி எஞ்சினை இறக்கும்வரை எல்லாருக்கும் உற்சாகம்தான். வயரிங், பிரேக் பைப், ரேடியேட்டர், மீட்டர்கள், சீட் பெல்ட் என்று வரும்போதுதான் பணமும் பொறுமையும் தீரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போலிருக்கிறது. போதாக்குறைக்கு நம்ம ஊர் உப்புக்காற்று. பெட்டியைத் திறந்து பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் அந்தப் பெட்டியிலுள்ள ரப்பர் சாமான் முழுவதையும் புதிதாக வாங்க வேண்டியதாகவே கணக்கில் எழுதுங்கள். டயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1514 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்தது. அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை காகிதத்தில்தான். காலமானவர் பெயரிலுள்ள பொருளை மனைவி என்பதற்காக அவர் விற்றுவிட முடியாது. காலமானவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் யாரை நியமித்ததோ அவரே விற்க வேண்டும். அந்த நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். கேட்டால் துக்க வீட்டில் மனம் நோகுமே என்று தயங்குவீர்கள். நாளைக்கு அவர் பிள்ளைகள் வந்து வண்டி எங்கே என்று கேட்டால் அதைவிட நோகும். அடுத்து, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது. வீட்டில் கட்டிய வண்டி சாலைக்கு வர என்ஆர்சிஎஸ் (கட்டாயத் தரங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) ஒப்புதல், போலீஸ் கிளியரன்ஸ், ரோட்வொர்த்தி சான்று எல்லாம் தேவை. எஞ்சின் எண்ணுக்குக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால் கிளியரன்ஸிலேயே நின்றுவிடும். அப்புறம் அது பளபளக்கும் கராஜ் சாமான், அவ்வளவுதான்.

லாபமா? உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் வராது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை, சரி. ஆனால் விற்பதற்காகவே கட்டினேன் என்றால் சார்ஸ் அதை வருமானமாகப் பார்க்கும். ஓட்டிப் பார்க்கும் ஆசைக்குச் செலவழிக்கிறேன் என்று உங்கள் மனைவியிடம் நேராகச் சொல்லுங்கள். லாபக் கதையை அவர் ஏற்கெனவே நம்பவில்லை, சரியாகத்தான் நினைக்கிறார்.

கிரெடிட் கார்டுக்கு 20 சதவீத வட்டி என்றால் மாதம் 300 ராண்ட் வீணாகப் போகிறது. முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதற்குக் கட்டிவந்த தொகையையே பிறகு காருக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அக்சஸ் பாண்டில், அதாவது வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதியில், கை வைக்காதீர்கள். ஐந்து வருடத்தில் தேய்கிற வண்டிக்கு இருபது வருடம் வட்டி கட்டாதீர்கள். இதற்கிடையில் யாராவது வாங்கிவிட்டால் போகட்டும். வாங்காமல் கிடந்தால் விலை இறங்கியிருக்கும். அப்போது மாஸ்டர் கடிதத்தின் நகலும் எஞ்சின் எண்ணின் படமும் கையில் வந்த பிறகு 30,000-இல் பேச ஆரம்பியுங்கள்.